மாப்பிள்ளைக் கோட்டின் பொத்தான்கள்

பழைய இராணுவப் பொத்தான் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பேன். முகத்தில் மகுடமோ சிங்கமோ இலையோ இருக்கும், அதை எல்லோரும் பார்ப்பார்கள். காலத்தைச் சொல்வது பெரும்பாலும் முதுகு. துணியோடு பூட்டும் கண்ணி வார்த்ததா, பற்றவைத்ததா? விளிம்பு ஒரே துண்டா, மடித்ததா? எழுத்து இருக்கிறதா, இருந்தால் எந்த ஊர்ப் பெயர்? இவ்வளவும் பார்த்த பிறகுதான் முகத்துக்கு வருவேன்.

என் தொழில் மண்ணும் சல்லியும். வீதி வேலைக்கு வரும் மண்ணை உலர்த்தி, அடுக்கி வைத்த அரிதட்டுகளில் போட்டுக் குலுக்கி, எந்தத் தட்டில் எவ்வளவு தங்குகிறது என்று நிறுக்கும் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் புளியந்தீவுப் பக்கமிருந்து வந்த மண்ணில், மேல் தட்டில் கற்களோடு கற்களாகப் பச்சை பிடித்த வட்டம் ஒன்று தங்கியது. எங்கள் பொறியியலாளர் அதை உரிய அலுவலகத்தில் ஒப்படைத்தார். அதற்கு முன் நான் அதைப் படமெடுத்து, விட்டம் அளந்து, நிறுத்து வைத்துக்கொண்டேன். என்னவென்று தெரியாத பொருளுக்கும் எடை தெரிந்திருப்பது எனக்கு ஒரு நிம்மதி. பிறகு அது என்னவென்று தேடப் போய், பழைய இராணுவப் பொத்தானென்று அறிந்து, உலகத்தின் வேறு மூலைகளில் பொத்தான்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிறையப் பேர் இணையத்தில் இருப்பதைக் கண்டுகொண்டேன். அப்படித்தான் பழகிக்கொண்டேன். சொந்தமாக என்னிடம் ஒரு பொத்தானும் இல்லை. யாராவது கொண்டுவந்தால் பார்த்து, அளந்து, எழுதித் திருப்பிக் கொடுப்பேன்.

எழுதும்போது தாளை மூன்றாகப் பிரிப்பேன். கண்டது, அளந்தது, ஊகிப்பது. முதல் இரண்டிலும் உள்ளதை யாரும் வந்து சரிபார்க்கலாம். மூன்றாவதில் உள்ளதற்கு நான் பொறுப்பு. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தாவக்கூடாது. இதைச் சொன்னால் என் அப்பா சிரிப்பார். அவர் வட்டைக்குப் போய் ஒரு பார்வை பார்த்து வயலின் விளைச்சலைச் சொல்லிவிடுகிறவர். கண்டதும் அளந்ததும் ஊகிப்பதும் அவருக்கு ஒரே பார்வை.

பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி என் தோழி. போர்த்துக்கேய வழிவந்த புளியந்தீவுப் பறங்கியர் வீட்டுப் பெண். அவளுடைய தகப்பன் தையற்காரர், வீட்டு முன்னறைதான் கடை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளையின் திருமணத்துக்குக் கறுப்புக் கோட்டை வீட்டிலேயே தைப்பார்கள். துணி ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிது. பொத்தான்கள் மட்டும் பழையவை. ஏழு பித்தளைப் பொத்தான்கள், நூலால் தைக்காமல் உள்ளே வளையம் கோத்துப் பூட்டுகிறவை. திருமணம் முடிந்ததும் கழற்றி எடுத்து அடுத்த மாப்பிள்ளைக்காக வைத்துவிடுவார்கள். கப்பலில் வந்த போர்த்துக்கேயப் படைத்தலைவன் ஒருவனின் சட்டையிலிருந்து வந்தவை என்பது வீட்டுக் கதை. ஆறு பொத்தான்களில் கப்பல், கழுத்தோரம் வரும் ஏழாவதில் புறா. புறா என்றால் பரிசுத்த ஆவி.

தோழி ஒரே பிள்ளை. அவள் மணக்கவிருந்தவர் தன்னாமுனைத் தமிழர், படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். இரண்டு வீடும் கத்தோலிக்கர், ஆகவே கோயிலில் சிக்கல் இல்லை. சாப்பாட்டில் சிக்கல் இல்லை. பாட்டுக்காரர் யார் என்பதில்கூடச் சிக்கல் இல்லை. தகப்பன் மருமகனுக்குக் கோட்டு வெட்டிவிட்டார், நல்ல துணி. ஆனால் அதற்கென்று கறுப்புப் பிளாஸ்டிக் பொத்தான் வாங்கி வைத்தார்.

"பித்தளைப் பட்டன் கப்பல்ல வந்தவன்ட பிள்ளைகளுக்கு மட்டும்தானாம்," என்றாள் தோழி, மண்ணை நிறுத்துக்கொண்டே.

"அப்ப அந்த ஏழும்?"

"அலுமாரிக்குள்ள காத்துக் கிடக்கட்டுமாம், எனக்கு ஆம்புளப் புள்ள பிறந்து அவனுக்குக் கலியாணம் வரும் வரைக்கும். அவனுக்கெண்டாத் தாய்வழியா ரத்தம் ஓடுமாம். இவருக்கு எந்த வழியாலயும் ஓடாதாம்."

பித்தளைக்காக அவள் சண்டை பிடிப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. நகையே போட விருப்பமில்லாதவள். தட்டை இறக்கி வைத்துவிட்டு, "அவர எங்கட ஆளா எடுக்கிறாரா, வந்து போற ஆளா எடுக்கிறாரா? அது எனக்குத் தெரியோணும். டாடியிட்டக் கேட்டாப் பட்டனப் பத்தித்தான் கதைக்கிறார்," என்றாள்.

பொத்தான்களைப் பார்க்க என்னை அழைத்தது அவளல்ல, தகப்பன். மகளின் தோழி ஒருத்தி இந்த வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டு, தன் பக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்ததென்று சந்தோசப்பட்டிருக்கிறார். பொத்தான்கள் வீட்டை விட்டு வெளியே போகாது, இங்கே வந்துதான் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை. ஒரு சனிக்கிழமை காலையில் விட்டம் அளக்கும் இடுக்கிமானி, சின்னத் தராசு, மடிக்கணினி, மென்மையான பல்துலக்கி ஒன்று என்று எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன்.

முன்னறையில் துணி வெட்டும் நீண்ட மேசை வாவிப்பக்க ஜன்னலோரம் கிடந்தது. அதன் நடுவில் வெள்ளைத் துணி விரித்து ஏழையும் வரிசையாக வைத்திருந்தார். கண் கூசியது.

"வாங்க மகள், இரிங்க. நீங்க வாறீங்க எண்டு நேத்தே மினுக்கி வச்சிட்டன்," என்றார்.

"எதால மினுக்கினீங்க அங்கிள்?"

"பழப்புளியும் சாம்பலும். எங்கட வீட்டு முறை. ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் மினுக்குவம், கலியாணத்துக்கெண்டா ரெண்டுதரம்."

கோயில் குத்துவிளக்கை மினுக்குவதுபோல் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்திருக்கிறார்கள். முகங்கள் கடற்கரைக் கூழாங்கல் மாதிரி இருந்தன. தொட்டால் மேடு இருப்பது தெரியும், என்ன மேடென்று தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோழி கதவருகிலிருந்து சொன்னாள்: "டாடி, அவள் பாக்க வந்ததே அந்த அழுக்கத்தான். நீங்க அதக் கழுவி வாவியில ஊத்திப்போட்டு வரவேற்கிறீங்க."

"விருந்தாளிக்கு ஊத்தைப் பட்டன் காட்டுறதா? நல்லாரிக்கு உன்ட ஞாயம்."

அவர் ஒரு பொத்தானை எடுத்து நகத்தால் கோடு காட்டினார். "இஞ்ச பாருங்க. இது கப்பல்ட வயிறு. இந்தா மேல போறது பாய்மரக் கயிறு. உச்சியில தெரியிறது கொடி."

பார்த்தேன். கப்பல்தான். கீழே வளைந்த வயிறு, அதிலிருந்து மேலே கூம்பிச் செல்லும் கயிறுகள், உச்சியில் ஒரு சின்னத் திரட்சி. ஒருமுறை கண்ட பிறகு வேறு எதையும் அதில் காண முடியவில்லை. கப்பலில் வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அதை வேறெப்படிப் பார்ப்பார்?

"நீங்க இத எழுதி ஒப்பம் வச்சுத் தாங்க மகள். மறுகா இவள் வாய் திறக்க மாட்டாள்."

"கப்பல் இல்ல எண்டு வந்தா?" என்றாள் தோழி.

"வந்தாப் பாப்பம்."

அவர் தையல் மெசினுக்குப் போனார். நான் அளக்கத் தொடங்கினேன்.

முதலில் எடை. உருவத்துக்குப் பார்க்கையில் எல்லாமே லேசு. விளிம்பில் நகத்தை ஓட்டினால் முன்தகடு பின்தகட்டைச் சுற்றி மடிந்திருப்பது தட்டுப்பட்டது. உள்ளே வெற்றிடம். இது இயந்திரத்தில் அழுத்திய வேலை. போர்த்துக்கேயர் இந்த வாவிக்குள் வந்த காலத்தில் பொத்தான் என்றால் வார்த்தது, கட்டியானது, சிறியது. தவிர, ஒரே சின்னம் போட்ட பொத்தானோடு ஒரே சட்டை அணிகிற படை என்பதே அவர்களுக்கு மிகவும் பிந்திய பழக்கம். அதை மூன்றாவது பகுதியில் பென்சிலால் மட்டும் எழுதினேன்.

பிறகு முதுகு. முதுகை யாரும் மினுக்கவில்லை. கோட்டுக்குள் மறையும் பக்கத்தை யார் மினுக்குவார்? பழைய கறுப்பு அப்படியே இருந்தது. உலர்ந்த பல்துலக்கியால் மெல்ல வருடியபோது கண்ணியைச் சுற்றி எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆங்கிலம். செய்தவரின் பெயர், பிறகு பர்மிங்காம் என்று ஊர்ப் பெயர். கப்பல் பொத்தான்களில் நான்கு ஒருவர் செய்தவை, இரண்டு இன்னொருவர் செய்தவை. புறாவின் முதுகில் மூன்றாவது பெயர்.

கடைசியாக முகம். ஜன்னலை அரைவாசி சாத்திவிட்டு, கைப்பேசியின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தேன். தேய்ந்த பரப்பில் நிழல் விழுந்தால்தான் மேடு பேசும். ஆறையும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் படமெடுத்தேன். தேய்க்கிறவர் கை ஒரே இடத்தில் ஒரேமாதிரி அழுத்துவதில்லை. ஒன்றில் உச்சி தப்பியிருந்தது, இன்னொன்றில் வலப்பக்கம், வேறொன்றில் கயிற்றின் நடு. படங்களைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, திரையின் மேல் தையற்காரரின் மெல்லிய வெட்டுத்தாளை வைத்து, எது எதில் தப்பியதோ அதை மட்டும் பென்சிலால் பின்தொடர்ந்தேன்.

கப்பலின் வயிறு ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் வாய் அகன்றது. பாய்மரக் கயிறுகள் நடுவில் முடிச்சுப் போட்டிருந்தன. கொடி, வளைவுகள் நடுவில் அமுங்கிய ஒரு மகுடமாக மாறியது. நான் வரைந்திருந்தது கயிற்றில் தொங்கும் எக்காளம். படைகளில் ஊதுகிற அந்த எக்காளம், மேலே பழைய மகாராணி காலத்து மகுடம். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் உள்ளூர்க்காரர் சேர்ந்த தொண்டர் படை ஒன்றின் பொத்தான்.

புறாவின் தலைக்கு மேலேயும் மகுடம் இருந்தது. ஆனால் அதன் வளைவுகள் அமுங்காமல் உருண்டு எழுந்தன, மகாராணிக்குப் பின் வந்த அரசர்களின் காலம். விரிந்த சிறகு, மேலே மகுடம். விமானப்படையின் பருந்து.

பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். எனக்குக் கிடைத்த விடை நல்ல விடை. ஒவ்வொரு படியும் சரிபார்க்கக்கூடியது. வேறு நாளென்றால் அந்தச் சந்தோசத்தோடேயே வீட்டுக்குப் போயிருப்பேன். அன்று அதை ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கோட்டுப் போட்டுப்பார்க்க வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் தோழியின் தாய் தேத்தண்ணித் தட்டோடு.

"என்ன மகள், கண்டீங்களா?" என்றார் தகப்பன்.

வெட்டுத்தாளை மேசையில் விரித்து, இருந்த வரிசையிலேயே சொன்னேன். எடை, விளிம்பு, முதுகெழுத்து, மகுடம், எக்காளம். ஊகத்தைக் கடைசியில், ஊகம் என்றே சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெட்டுத்தாளையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். பொத்தானைச் சாய்த்துப் பிடித்தார். நான் வரைந்த வாயின் அகலத்தை அந்தப் பித்தளையில் நகத்தால் தேடிப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்பது விரல் நின்ற இடத்தில் தெரிந்தது.

"அப்ப கப்பல் இல்ல."

"இல்ல அங்கிள்."

"போர்த்துக்கேயன் தொட்டதுமில்ல."

"இந்தப் பட்டனத் தொடல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல ஏலும்."

அவர் சுண்ணக்கட்டியை எடுத்து, வெட்டிய கோட்டுக் கையில் ஏற்கெனவே இருந்த சுண்ணவரியின் மேலேயே இன்னொரு வரி போட்டார்.  தோழி வென்றவள் மாதிரி நிற்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. "டாடி, தேத்தண்ணி ஆறுது," என்று மட்டும் சொன்னாள்.

"நாங்க கப்பல்ல வந்த ஆக்கள்தான்," என்றார் அவர், சுவரைப் பார்த்து.

தாய் தட்டை வைத்தார். "ஓம், ஆரு இல்லெண்ட? வந்த ஆம்புளைகள் பொம்புளைகளையும் கப்பல்லயா ஏத்திக்கொண்டு வந்தவங்க? இஞ்ச வந்துதானே கட்டினவங்க? அந்தக் கலியாணத்தில பொம்புள வீட்டுக்காரர் இப்பிடிப் பட்டனுக்கு நிண்டிருந்தா உங்கட பரம்பரையே இல்ல."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் போய்த் தேத்தண்ணி மூக்கில் ஏறி இருமினார். மாமனார் திரும்பி முறைத்தார்.

"என்ன மனே சிரிப்பு?"

"இல்ல மாமா, எனக்குப் பிளாஸ்டிக்கே காணும். எந்தப் பட்டன் போட்டாலும் என்ட வயித்துக்குப் பூட்டினாச் சரி."

"உன்ட வயித்துக்குப் பட்டன் காணாது, நங்கூரம் வேணும்," என்றார் அவர். குரலில் கோபம் முழுதாக இல்லை.

பிறகு எதையோ யோசித்தவர் ஏழாவது பொத்தானை எடுத்தார். "இதப் பருந்தெண்டா சொன்னீங்க? விமானப்படை?"

"ஓம். ரெண்டாம் உலகப் போர்க்காலத்து ராசாட மகுடம். அந்த நேரம் இந்தப் பக்கம் விமானக்காரர் இருந்தவங்கதானே."

"இருந்தவங்க. எங்கட அப்பா அவங்கட கேம்பில மரத்தச்சுவேலை செய்தவர்." சொல்லிவிட்டு நிறுத்தினார். பொத்தானை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "இது புறா எண்டு எனக்குச் சொன்னவரே அவர்தான். சின்னனில மடியில வச்சுச் சொன்னவர், பரிசுத்த ஆவி மனே, காலால தொட்டுராத எண்டு."

அவர் முகம் மெதுவாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய தகப்பனின் திருமணம் போர் முடிந்த கையோடு நடந்ததாம். ஏழில் ஒன்று அதற்கு முன்போ அன்றைக்கோ தொலைந்திருக்க வேண்டும். முகாமில் யாரோ வெள்ளைக்காரனின் சட்டைப் பொத்தான் கையில் இருந்திருக்கிறது. தச்சர் அதைக் கோட்டில் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார். பிறகு பிள்ளை கேட்டபோது புறா என்று சொல்லிவிட்டார்.

"அட கிழவா!" என்று அவர் மேசையில் அடித்துச் சிரித்தார். "அம்பது அறுவது வருசம் நான் ஒரு வெள்ளைக்காரன்ட பட்டனுக்குச் சிலுவை போட்டிரிக்கன்!"

சிரிப்பு ஓய்ந்ததும் மற்ற ஆறையும் தானாகவே கவிழ்த்து வைத்தார். நான் சொன்ன இரண்டு பெயர்களையும் கண்ணாடியைத் தூக்கிக் கிட்டப் பிடித்து வாசித்தார். நான்கை ஒரு பக்கம், இரண்டை ஒரு பக்கம் ஒதுக்கினார். புறாவைத் தனியே வைத்தார்.

"இதுவும் ஒரே சட்டையில இருந்து வரயில்ல," என்றார். தையற்காரராகப் பேசினார் இப்போது. "ஒரு சட்டைக்கு ஒருத்தன்ட பட்டன்தான் போடுவாங்க. இதில நாலு நிண்டிரிக்கு, ரெண்டு விழுந்திரிக்கு. விழுந்ததுக்குப் பதில் வேறெங்கயோ இருந்து ஆரோ கொண்டுவந்து போட்டிரிக்கு. மறுகா அப்பா ஒண்டு."

"அப்பிடித்தான் இருக்கோணும்," என்றேன். என் தாளின் மூன்றாவது பகுதியில் நான் எழுதாமல் விட்டிருந்தது அது. அவருடைய சொல்லாகவே அங்கே எழுதிக்கொண்டேன்.

"பட்டன் எண்டா விழும்தானே," என்று தாய் சொன்னார். "விழுந்தாக் கிடக்கிறதத் தைப்பம்."

அவர் ஏழையும் திரும்ப நிமிர்த்தி வரிசையாக வைத்தார். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அது கண்டதிலும் சேராது, அளந்ததிலும் சேராது. மகள் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னார்:

"எழும்பி வா மனே. இஞ்ச வெளிச்சத்துக்கு."

மாப்பிள்ளை எழுந்து ஜன்னலோரம் நின்றார். அரைகுறையாகத் தைத்த கோட்டை மாமனார் அவர் தோளில் போட்டு, முன்பக்கம் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துக் குண்டூசி குத்தினார். மேலிருந்து கீழாக ஏழு இடத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தார். பிளாஸ்டிக் பொத்தானுக்கு ஐந்து புள்ளிதான் என்று முன்பே போட்டிருந்த அடையாளங்களைக் கையால் தட்டி அழித்தார்.

"மாமா..." என்றார் மாப்பிள்ளை.

"கதைக்காத. கதைச்சா நெஞ்சு ஆடும், புள்ளி பிழைக்கும்." பிறகு, "மூச்சுப் பிடியாத மடையா. கலியாணத்தண்டு மூச்சு விட்டுக்கொண்டுதானே நிக்கப் போறாய்?"

எந்தப் பொத்தான் எங்கே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். காலத்தால் மூத்த ஆறும் மேலே, பிந்தியது கடைசியில் என்றால் வரிசை சரியாக இருக்கும். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மகள், என்ட அப்பா வச்சது எங்கயோ அது அங்கதான்."

பருந்து கழுத்தோரத்துக்கே போனது.

பொத்தான் கண்ணி நுழையத் துளை போட ஒரு சின்ன இரும்புக் குத்தியும் மரச் சுத்தியலும் எடுத்தார். கோட்டைக் கழற்றி மேசையில் விரித்து, அடியில் பலகை வைத்து, முதல் புள்ளியில் குத்தியை நிறுத்தினார். நல்ல துணியில் துளை விழுந்தால் அது விழுந்ததுதான், பிறகு எந்தத் தையலும் அதை மூடாது. அவருக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். சுத்தியலை ஓங்கும் முன் தலையை நிமிர்த்தாமலே மகளைக் கேட்டார்:

"இவன் இனி மெலியவும் மாட்டான், கொழுக்கவும் மாட்டானெண்டு உனக்கு நிச்சயமா?"

"கொழுப்பார் டாடி," என்றாள் அவள். கண்கள் ஈரமாக இருந்தாலும் குரல் நேராக இருந்தது. "அம்மாட சோறு திண்டா ஆரும் கொழுப்பாங்க."

"அப்ப உள்ள இன்னொரு விரற்கடை துணி விடுவம்," என்று சொல்லிவிட்டு அவர் அடித்தார்.